கடைப்பிடியும் காலடியும்: கொட்டாஞ்சேனை வரலாற்றில் ஒரு நோக்கு

பௌத்தர் கூறும் எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பைப் பாளி மொழி 'சம்மா ஸதி' என வழங்கும். தமிழிற் பௌத்தம் பற்றி எழுதுவோர் இதனை 'நற்கடைப்பிடி' எனப் பெயர்ப்பதுண்டு. இப்பெயர்ப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. கடைப்பிடித்தல் என்னும் சொல் இன்று ஒரு வழக்கத்தைத் தவறாது பின்பற்றுதலையே குறித்து நிற்கின்றது. பழைய உரைவழக்கிலோ அதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. இறையனார் களவியலுரை தலைமகனுக்குரிய பண்புகளுள் ஒன்றாகக் கடைப்பிடியைக் கூறி, கொண்டதனை மறவாதிருத்தலே அது என விளக்கும். ஸதி என்னும் பாளிச் சொல்லும் வடமொழி 'ஸ்மிருதி'யோடு ஓரினமானது. நினைவு, மறவாமை என்பனவே அதன் வேர்ப்பொருள். ஆகவே மறவாமையும் வழக்கமும் தமிழில் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன.

சொல்லில் அமைந்த இவ்வுறவு வாழ்க்கையிலும் அமைந்திருந்ததா என்பது வரலாற்றுக்குரிய வினா. மனத்தை ஒன்றில் மறவாது நிறுத்தும் பயிற்சி, கண்ணை மூடி அசைவற்றிருக்கும் துறவிக்கே உரியது என்று பலர் கருதுவர். ஆனால் இலங்கைத் தீவின் சமய மரபுகளை நோக்குமிடத்து, அப்பயிற்சி பெரும்பாலும் மெல்லிய உடலசைவோடு, சிறப்பாக நடையோடு, பிணைந்தே நாள்தோறும் பேணப்பட்டு வந்தமை புலனாகும். கொழும்பு நகரின் வடபால் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் கொட்டாஞ்சேனை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே மூன்று சமயத்தவரின் நடைகள் அண்டையயலில் நிகழ்ந்தன. அந்நடை மறவாமையை வளர்த்தமைக்கும் அங்கே சான்றுண்டு. மறவாமை நீங்கியபோது அதே வீதிகளில் குருதி சிந்தியமைக்கும் சான்றுண்டு.

சொல் கடல் கடந்த வழி

இன்று மேலை நாடுகளின் மருத்துவமனைகளிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் 'மைண்ட்புல்னெஸ்' என்னும் சொல் பெருக வழங்குகின்றது. அச்சொல் பௌத்தக் கலைச்சொல்லாக ஆங்கிலத்தில் இடம்பெற்ற வரலாற்றில் இலங்கைக்குப் பெரும் பங்குண்டு. இலங்கையிற் பணியாற்றிய மெதடித்த திருச்சபைக் குருவாகிய தானியேல் கொகேளி பாளி பயின்ற தொடக்ககால ஐரோப்பியருள் ஒருவர். 1845ஆம் ஆண்டில் அவர் எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பைச் 'சரியான தியானம்' என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் எழுதினார். மறவாமை என்ற கருத்து அதிற் புலப்படவில்லை.

அக்குறையை நீக்கியவர் தோமஸ் வில்லியம் றைஸ் டேவிட்ஸ். 1864ஆம் ஆண்டில் இலங்கைக் குடியியற் சேவையிற் சேர்ந்து எட்டாண்டுகளளவில் இந்நாட்டிற் பணியாற்றிய அவர், சிங்களப் பிக்கு ஒருவரிடம் பாளி கற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1881இல் வெளிவந்த தம் பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் ஸதி என்பதற்கு 'மைண்ட்புல்னெஸ்' என்னும் சொல்லை ஆண்டார். ஒன்றை நினைவில் வைத்திருத்தல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் முன்னரே வழங்கிய சொல் அது. அதே ஆண்டில் அவர் பாளி நூற் சங்கத்தையும் நிறுவினார். இலங்கைப் பிக்குமாரின் ஏட்டுச் சுவடிகளும் கல்வியும் இன்றி அச்சங்கத்தின் பணி நிறைவேறியிராது.

எனினும் நூல் கடல் கடந்த அளவிற்கு வழக்கம் கடல் கடக்கவில்லை. சொல்லை ஏட்டிலிருந்து பெறலாம். நாள்தோறும் செய்யும் முறையை அதனைச் செய்வோர் வாழும் இடத்திலேதான் காணவேண்டும். ஆகையால் அம்முறையை இனி நோக்குவோம்.

சக்மன என்னும் உலாத்து நடை

நற்கடைப்பிடிக்கு இலக்கணம் கூறும் சதிபட்டான சூத்திரம் பயிற்சியை இருக்கையோடு நிறுத்துவதில்லை. நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கு நிலைகளிலும் தன் உடல் எந்நிலையில் உள்ளது என்பதைப் பயில்வோன் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. முன்னே செல்லுதல், பின்னே திரும்புதல், கையை மடக்குதல், நீட்டுதல், உண்ணுதல், பருகுதல் ஆகிய எளிய செயல்கள் யாவும் அவ்வறிவுக்கு உட்பட்டவை. இவற்றுள் நடை தனிப்பயிற்சியாகவே வளர்ந்தது. பாளியில் 'சங்கமம்' என்றும் சிங்களத்திற் 'சக்மன' என்றும் அதனை வழங்குவர். வரையறுத்த ஒரு பாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நடந்து, நின்று, திரும்பி, மீண்டும் நடத்தலே இது.

அங்குத்தர நிகாயம் இந்நடையின் பயன்கள் ஐந்தெனத் தொகுக்கின்றது. நெடுவழி செல்லும் வலிமை, முயற்சிக்குரிய ஆற்றல், நோய் குறைதல், உண்டதும் பருகியதும் நன்கு செரித்தல், நடையிற் பெற்ற மனவொருமை நெடிது நிலைத்தல் என்பன அவை. ஐந்தனுள் நான்கு உடலைச் சார்ந்தன என்பதும் மனம் இறுதியிலேயே கூறப்படுகின்றது என்பதும் கவனத்திற்குரியன. உடலைப் புறக்கணித்து மனத்தை மட்டும் திருத்த முற்பட்டோர் வகுத்த பட்டியல் அன்று இது.

பாதையை அமைப்பதற்கும் விதியுண்டு. சாதகக் கதைகளுக்கு முன்னுரையாக அமைந்த நிதானகதை, நடைபாதைக்குரிய குற்றங்கள் ஐந்தினை எண்ணுகின்றது: நிலம் கடினமாயும் மேடுபள்ளமாயும் இருத்தல், நடுவே மரம் நிற்றல், புதர் மூடியிருத்தல், மிக ஒடுங்கியிருத்தல், மிக அகன்றிருத்தல். பாதை அறுபது முழ நீளமும், மென்மையான தளமும், சமமாகப் பரப்பிய மணலும் உடையதாதல் வேண்டும். ஒடுங்கினால் கால் இடறும். அகன்றால் மனம் அலையும். பயில்வோனின் உறுதியை மட்டும் நம்பியிராது, அவன் காலடியில் மணலையும் பரப்பிக் கொடுத்த முன்னோரின் நுண்ணறிவு இதிற் புலனாகின்றது. குருநாகல் மாவட்டத்து அரங்கலையில் கல்பாவிய நெடிய நடைபாதையை இன்றுங் காணலாம். றிட்டிகலை மலைச்சாரலிலும் அநுராதபுரத்தின் மேற்கே உள்ள தவப்பள்ளி இடிபாடுகளிலும் தியான வாழ்க்கைக்கென அமைந்த மேடைகளும் பாதைகளும் எஞ்சியுள்ளன.

இந்நடையைக் கடைப்பிடித்தோரின் இயல்பை விளக்கும் செய்தியொன்று புத்தகோசரின் உரையில் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து பாளி உரைகளை ஆக்கிய புத்தகோசர், முன்னர்க் காஞ்சிபுரத்திலே தங்கியவர். தமிழ்நாட்டுப் பௌத்தமும் ஈழத்துப் பௌத்தமும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் அது. ஆலிந்தகம் என்னும் இடத்து வாழ்ந்த மகாபுஸ்ஸதேவர் என்னும் தேரரைப் பற்றி அவர் எழுதுகின்றார். அத்தேரர் பிச்சைக்குச் செல்லும்போது, தியானப்பொருளை மறந்த மனத்தோடு ஓரடி எடுத்துவைக்க நேர்ந்தால், அவ்வடியை மீட்டுப் பின்சென்று, மனத்தை நிறுத்தி, மறுபடியும் அவ்வடியை வைப்பார். இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகள் ஒழுகினார். வயலில் உழுவோரும் விதைப்போரும் அவரைக் கண்டு, 'இவர் திரும்பித் திரும்பி நடக்கிறாரே. வழி தவறினாரோ, எதையேனும் மறந்தாரோ' எனத் தம்முட் பேசிக்கொண்டனர். தேரர் அதனைப் பொருட்படுத்தாது தம் வழக்கத்தைத் தொடர்ந்தார்.

இச்செய்தியில் இரண்டு உண்மைகள் உள. மனம் தவறுதல் இயல்பு. பத்தொன்பது ஆண்டுப் பயிற்சியாளருக்கும் அது நேர்ந்தது. தவறியவிடத்துத் தன்னைக் கடிந்துகொள்ளலும் பயிற்சியைக் கைவிடலும் இன்றி, ஓரடி பின்வைத்து மீளத் தொடங்குதலே அவர் கண்ட தீர்வு. வழக்கம் என்பது ஒருபோதும் தவறாமையன்று. தவறிய ஒவ்வொரு முறையும் மீளுதலே வழக்கம்.

கொட்டாஞ்சேனையின் மூன்று சுற்றுகள்

காட்டுத் தவப்பள்ளிகளிற் பிறந்த இம்முறை நெருங்கிய நகரில் எவ்வாறு வாழும் என்பது அடுத்த வினா. கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'சேனை', காடு வெட்டிப் பயிரிடும் நிலத்தைக் குறிக்கும். சிங்களப் பெயரிலுள்ள 'ஹேன' என்பதும் அதுவே. துறைமுகம் வளரவே சேனைநிலம் குடியிருப்பாயிற்று. வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் எழுத்துவினைஞரும் அங்கே குடியேறினர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அண்டை வீட்டாராயினர். விடியலிலே வேலைக்குச் செல்லும் இத்தகைய மக்களுக்குக் காடு சென்று தவமியற்றும் ஓய்வு ஏது? அவர்களுக்கு வாய்த்தது வேலைக்குப் போகும் வழியிற் கோயிலை வலம்வரும் சில நிமிடங்களே.

கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடைப் பகுதியில் பொன்னம்பல முதலியார் 1856ஆம் ஆண்டளவில் சிவன் கோயிலொன்றை எடுப்பித்தார். அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) அதனை 1907 முதல் 1912 வரையான காலத்தில் முற்றும் கருங்கல்லாலே புதுக்கினார். பொன்னம்பலவாணேசுவரம் எனப் பெயர்பெற்ற அக்கோயிலின் கற்றூண் வரிசைகளுக்கு ஊடே செல்லும் சுற்றுப் பிரகாரம் கொழும்புச் சைவரின் நடைபாதையாயிற்று. வெளியே வண்டிகளின் ஓசையும் துறைமுகத்தின் ஆரவாரமும் கேட்கும். உள்ளே கல்தளத்தின் குளிர்ச்சி உள்ளங்காலில் உறைக்கும். செருப்பைக் கழற்றியதுமே நடை தானாக மெதுவாகின்றது. ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், கொட்டாஞ்சேனை முத்துமாரியம்மன் கோயில் முதலியனவும் இவ்வாறு அன்றாட வலத்துக்கு இடமாயின.

கோயில் வலத்தை ஒரு பயிற்சியாகவே வரையறுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவருடைய சைவ வினாவிடை பிரதட்சிணம் பண்ணும் முறையைத் தெளிவாகக் கூறும். கைகளைத் தலைமேலேனும் மார்பிலேனும் குவித்தல், சிவநாமங்களை உச்சரித்தல், கால்களை மெல்ல வைத்தல் என்பன அம்முறையின் மூன்று கூறுகள். கைக்கு ஒரு தொழில், வாய்க்கு ஒரு தொழில், காலுக்கு ஒரு தொழில். மூன்றும் ஒன்றுபடவே மனத்துக்குத் திரிய இடமில்லை. விநாயகருக்கு ஒன்று, சிவபெருமானுக்கு மூன்று என வலத்தின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. கோயிலினுள்ளே வீண்வார்த்தை பேசுதலும் சிரித்தலும் சண்டையிடுதலும் விலக்கப்பட்டன. சிறுவருக்கெனப் பாடநூல் வடிவில் எழுதப்பட்டமையால், இவ்விதி ஈழத்துச் சைவப் பிள்ளைகளின் இளமைப் பழக்கமாயிற்று. நேர்த்தி வைத்தோர் ஓரடியின் விரல்நுனியில் மற்றையடியின் குதியைச் சேர்த்துவைத்து நடக்கும் அடிப்பிரதட்சிணம் இந்நடையின் மிக மெதுவான வடிவம்.

அதே சுற்றாடலில் உள்ள தீபதுத்தமாராம விகாரையிற் பௌத்தர் தாதுகோபத்தையும் போதிமரத்தையும் வலம்வந்தனர். கத்தோலிக்கருக்கோ கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயமும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலமும் நிலைக்களங்களாயின. அவர்களுடைய சிலுவைப்பாதையும் ஒரு நடைத்தியானமே. பதினான்கு நிலைகள் என 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து காலத்தில் வரையறை பெற்ற அவ்வழிபாட்டில், அடியார் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மெல்லச் செல்வர், நிற்பர், முழந்தாளிடுவர், மீண்டும் எழுந்து செல்வர். எருசலேம் செல்ல இயலாதார் தம் ஊர்க் கோயிற் சுவரோரமாகவே அப்பயணத்தை நிகழ்த்துகின்றனர். செவ்வாய்தோறும் அந்தோனியாரை நாடி வருவோரிற் சைவரும் பௌத்தரும் உளர் என்பது கொழும்பு முழுதும் அறிந்த செய்தி.

கொள்கையளவில் இம்மூன்றும் வேறானவை. சைவர் இறைவன் திருவடியை நினைந்து நடப்பர்; கத்தோலிக்கர் ஆண்டவரின் பாடுகளை நினைந்து நடப்பர்; பௌத்தப் பயில்வோன் நடையையே நினைந்து நடப்பான். இவ்வேறுபாட்டை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் வழக்கத்தை நிலைநிறுத்திய உறுப்புகள் மூன்றிலும் ஒன்றே: வரையறுத்த நேரம், வரையறுத்த இடம், எண்ணத்தக்க சிறிய அளவு, நினைவூட்டும் மணியோசை, ஒருங்கு நடக்கும் துணைவர். உறுதி குன்றிய நாளிலும் மணி ஒலிக்கும். மனம் செல்லாத நாளிலும் அயலார் செல்வது கண்டு கால் செல்லும். தனிமனிதரின் மனவலிமை மீது மட்டும் ஏற்றப்படாமையால் இவ்வழக்கம் தலைமுறைகளைக் கடந்து நின்றது.

1883: வலம் ஊர்வலமானபோது

பலர் ஒருங்கு நடத்தலில் நன்மை மட்டுமே உண்டெனின் இவ்வரலாறு இத்தோடு முடியும். ஆனால் கொட்டாஞ்சேனை மற்றொரு பாடத்தையும் தந்தது. தீபதுத்தமாராம விகாரையின் தலைவராயிருந்தவர் மிகெட்டுவத்தை குணானந்த தேரர் (1823–1890). கிறித்தவ மிசனரிமாரின் கண்டனங்களுக்குப் பதிலளிப்பதற்கென 1862இற் கொட்டாஞ்சேனையிலே சங்கம் ஒன்றை நிறுவியவர். 1873 ஆகத்து மாதத்திற் பாணந்துறையில் நிகழ்ந்த புகழ்பெற்ற சமய விவாதத்திற் பௌத்தர் சார்பில் வாதிட்டவர். சொல்வன்மை ஓங்கிய அக்காலத்தில் இருசாராரின் உள்ளமும் புண்பட்டிருந்தது.

1883 மார்ச் 25 கிறித்தவருக்கு உயிர்த்த ஞாயிறு. அந்நாட்களிற் குணானந்தரின் விகாரையிலும் விழா நிகழ்ந்துகொண்டிருந்தது. பொரளைப் பக்கமிருந்து விகாரையை நோக்கி வந்த பௌத்தரின் ஊர்வலமொன்று கொட்டாஞ்சேனையை அணுகியபோது கத்தோலிக்கர் கூட்டமொன்றாலே தாக்கப்பட்டது. தம் சமயத்துத் தூய உருவங்களை இழிவுசெய்யும் சின்னங்கள் ஊர்வலத்திற் கொண்டுவரப்படுகின்றன என்ற வதந்தி முன்னரே பரவியிருந்தது. கலகத்தில் உயிரிழப்பும் காயமும் நேர்ந்தன. பிரித்தானிய அரசு விசாரணை நடத்தியும் நீதி கிடைக்கவில்லை எனப் பௌத்தர் மனங்கசந்தனர். கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று அவர்கள் குறைகளை முறையிட்டார். 1885இல் வெசாக்கு விடுமுறைநாளாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், புதிதாக வகுக்கப்பட்ட பௌத்தக் கொடியைக் குணானந்தர் தீபதுத்தமாராமயவில் ஏற்றிவைத்தார்.

இந்நிகழ்ச்சியின் அரசியற் காரணங்கள் பலவற்றை ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். ஈண்டு நோக்கத்தக்கது நடையின் தன்மையே. ஊர்வலம் என்ற சொல்லினுள்ளும் வலம் இருக்கின்றது. ஆயினும் கோயிலுள் வலம்வருவோன் தன் காலடியை அறிவான். பகைமை மூண்ட நாளில் ஊர்வலஞ் செல்வோனும் அதனை மறிப்போனும் எதிரியின் கண்களையே நோக்குவர். உயிர்த்தெழுதலை நினைந்து நாற்பது நாள் சிலுவைப்பாதை நடந்தோர் ஒரு புறம். புத்தரை நினைந்து பெரஹராவில் நடந்தோர் மறுபுறம். இரு கூட்டத்துக்கும் மெல்ல நடக்கும் வழக்கம் இருந்தது. வதந்தி ஒன்று காதில் விழுந்த கணத்தில் அவ்வழக்கம் காக்கவில்லை. நினைவு நீங்கிய வழக்கம் வெறும் அசைவாகும் என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டியதில்லை. ஊர்வலமே தீதென்பதும் அன்று. 1874 முதல் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் சென்ற ஆடிவேல் தேரைப் பிற சமயத்தவரும் வீதியோரம் நின்று வரவேற்று மகிழ்ந்ததுண்டு. நடப்போர் எதனை நினைந்து நடக்கின்றனர் என்பதே வேறுபாட்டை விளைக்கின்றது.

முத்துவாலிலிருந்து போதிகயைக்கு

அக்கலகத்தின் அலை ஓர் இளைஞரின் வாழ்வைத் திருப்பியது. புறக்கோட்டையில் 1864இற் பிறந்து பிற்காலத்தில் அநகாரிக தர்மபாலர் என அறியப்பட்டவர் அப்போது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முத்துவாலில் அமைந்திருந்த புனித தோமையர் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்தார். கலகத்தின் பின்னர் அவர் தந்தையார் அவரைக் கிறித்தவப் பாடசாலையினின்று நீக்கினார். குணானந்தரின் உரைகளைக் கேட்டு வளர்ந்த அவ்விளைஞர், 1891 சனவரி 22ஆம் நாள் போதிகயையை அடைந்தார். அங்கே மகாபோதிக் கோயிலின் வடபுறத்தே, ஞானம் பெற்றபின் புத்தர் உலாவிய இடமெனப் போற்றப்படும் 'இரத்தின சங்கமம்' உள்ளது. அடிதோறும் தாமரை மலர்ந்ததென்ற நம்பிக்கையைக் காட்டும் கல்மலர்கள் அந்நெடுமேடையில் அமைந்துள்ளன. பௌத்த உலகு முழுதும் தொழும் அத்தலத்தின் புனிதச் சின்னங்களுள் ஒன்று, நடந்த நடையின் நினைவேயாகும்.

தர்மபாலர் தியான முறைகளையும் தேடினார். மலையகத்துப் பம்பரகலை விகாரையில் அவர் கண்டெடுத்த பாளி–சிங்களத் தியானச் சுவடியை றைஸ் டேவிட்ஸ் 1896இல் 'யோகாவசர நூல்' என்னும் பொருள்படும் பெயரோடு பதிப்பித்தார். சுவடி கிடைத்தது, ஆயின் அதன்வழிப் பயிற்றும் ஆசிரிய மரபு அற்றுப்போயிருந்ததை எண்ணித் தர்மபாலர் வருந்தினார். ஏடு எஞ்சியிருக்க வழக்கம் மறையலாம் என்பது அவர் கண்ட உண்மை. அதே தர்மபாலரின் பிற்காலப் பேச்சிலும் எழுத்திலும் பிற இனத்தவர் மீதான கடுமை மிகுந்திருந்தமையையும் வரலாறு மறைப்பதற்கில்லை. தியானத்தைத் தேடுதலும் சினத்தை வெல்லுதலும் ஒன்றல்ல.

பழைய நடை, புதிய பெயர்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மரபு புத்துயிர் பெற்றது. செருமனியிற் பிறந்து இலங்கையிற் பிக்குவாகிய ஞானபோனிக தேரர், சதிபட்டானம் பற்றிய தம் ஆங்கில நூலை 1954இற் கொழும்பில் வெளியிட்டார். பர்மாவின் மகாசி சயாதோவின் முறை 1950களில் இந்நாட்டை அடைந்தது; 1956இற் கந்துபொடையில் தியான நிலையம் தோன்றியது. அம்முறையில் இருக்கையும் நடையும் மாறிமாறி நிகழும். நடக்கும்போது காலைத் தூக்குதல், நகர்த்துதல், வைத்தல் என ஒவ்வொன்றையும் பயில்வோன் குறித்தறிவான். இது புதுமை போலத் தோன்றினும், புத்தகோசரின் விசுத்திமார்க்கம் ஓரடியினை ஆறு கூறாகவே பகுத்துரைத்திருந்தது. துறவிக்கு மட்டுமன்றி இல்லறத்தார்க்கும் இப்பயிற்சி திறந்துவிடப்பட்டமையே புதுமை.

1979இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் யோன் கபற்-சின், நாட்பட்ட நோவும் மன அழுத்தமும் உடையோருக்கென ஒரு பயிற்சியைத் தொடக்கினார். எட்டு வாரப் பயிற்சியாகப் பின்னர் நிலைபெற்ற அதில் அமர்ந்த தியானத்தோடு மெல்லிய யோக அசைவுகளும் நடைத்தியானமும் இடம்பெறுகின்றன. நாள்தோறும் வீட்டிற் பயிலுதல் அதன் முதுகெலும்பு. சமயக் கொள்கை எதுவும் அதிற் கேட்கப்படுவதில்லை. நோயாளர் பலருக்கு அது துணையாயிற்று. எனினும் வகுப்பு முடிந்த பின்னர் வீட்டிலே தனித்துத் தொடர்வதன் அருமையைப் பயின்றோர் அறிவர். நேரத்தை நினைவூட்டக் கைத்தொலைபேசியின் ஒலியைத் துணைக்கொள்வோர் இன்று பலர். கோயில் மணி முன்பு செய்த தொழில் அதுவே. ஆனால் மணி ஊரை ஒருங்கே அழைத்தது, கைத்தொலைபேசி ஒருவரை மட்டும் அழைக்கின்றது.

மீளுதல்

கொட்டாஞ்சேனையின் சோதனை 1883உடன் முடியவில்லை. சரியாக நூறாண்டின் பின் 1983 யூலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன; உயிர்கள் பலியாயின. பலர் அகதிகளாகி ஊர் நீங்கினர். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், மற்றுமோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. அன்று காலை வேறு தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த வெடிப்புகளோடு சேர்த்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். வழக்கமாக வந்து வழக்கமான இடத்தில் நின்றவர்களே மாண்டனர்.

இத்தகைய இழப்புக்கு முன்னே மெல்ல நடத்தலின் பயனைப் பேசுவது பொருந்துமா என வினவலாம். நடை குண்டைத் தடுக்காது, தீயை அணைக்காது, நீதிக்கு ஈடாகவும் ஆகாது. ஆயினும் அடுத்து நிகழ்ந்தது நோக்கத்தக்கது. திருத்தலத்தின் வாயில் அடைபட்டிருந்த நாட்களில் மக்கள் வீதியிலே நின்று மெழுகுதிரி ஏற்றினர். பழுதுபார்த்து அவ்வாண்டு யூன் மாதத்தில் திருத்தலம் திறக்கப்பட்டதும், செவ்வாய்க்கிழமை அடியார் வரிசை மீண்டது. 1983க்குப் பின்னும் கொழும்புச் சைவர் அதே கற்பிரகாரத்துக்குத் திரும்பி வந்தனர். ஊரே தன் அடியைப் பின்வைத்து, நினைவைக் கூட்டி, மீண்டும் முன்வைத்தது எனல் தகும்.

நாள்தோறும் ஒரு மறவாமைப் பயிற்சியை மேற்கொள்ள விரும்புவோருக்கு இவ்வரலாறு தரும் அறிவுரை எளியது. இடம் சிறிதாகலாம், அறுபது முழமே போதுமென்றனர் முன்னோர். அளவு சிறிதாகலாம், மூன்று சுற்றே விதித்தார் நாவலர். நேரம் மாறாதிருத்தல் நன்று. துணை இருப்பின் மிக நன்று. கால் மெல்ல வைக்கப்படுதல் வேண்டும். எதனை நினைந்து வைக்கப்படுகின்றது என்பதும் ஒவ்வோரடியிலும் அறியப்படுதல் வேண்டும். பின்னையது இல்லாவிடின் முன்னையது காவாது என்பதைக் கொட்டாஞ்சேனை பெருவிலை கொடுத்துக் கற்றது. மனம் தவறுமாயின், காண்போர் என்ன பேசினும், ஓரடி பின்வைத்து மறுபடி தொடங்குவதே கடைப்பிடி.